பச்சைப் பலகை வீடு

அக்டோபர் 6, திங்கள்

பயிற்சி முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு இரண்டு நாட்குறிப்பு கொடுத்தார்கள். ஒன்று பொறியாளருக்கு. எந்த வீடு பார்த்தேன், எத்தனை போல்ட், எத்தனை பட்டை என்று எழுதி வாராவாரம் காட்ட வேண்டும். இன்னொன்று, அதில் அடித்தல் திருத்தல் வந்தால் மாற்றி எழுதிக்கொள்ள. நான் அடித்துத் திருத்தி எழுதுகிறவள் இல்லை. பத்தாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள். ஆகவே இந்த இரண்டாவது எனக்கே எனக்கு.

என் பதவிக்குப் பெயர் கூரைத் தோழி. சிரிக்கக் கூடாது, மேலிடத்தில் வைத்த பெயர். வடக்குச்சேத்தியில் எங்கள் தெருவின் முப்பத்தொரு ஷீட் வீடுகளும் என் பொறுப்பு. அதில் என் வீடும் ஒன்று.

பொறியாளர் ராகவேலுக்கு என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். முதல் நாள் ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேல்பக்கமாக ஊதிக் காட்டினார். காகிதம் கீழே போகவில்லை, மேலே எழும்பியது. "பாத்தீங்களா, காத்து தள்ளாதுக்கா. தூக்கும்" என்றார். கஜா புயலுக்கு முந்தின நாள் நானும் என் வீட்டுக்காரரும் பதினாறு மணல் மூட்டையைக் கூரைமேல் ஏற்றி வைத்தோம். கூரை மூட்டைகளோடு சேர்ந்தே அடுத்த கொல்லைக்குப் போனது. மகள் இலக்கியாவைக் கட்டிக்கொண்டு எட்டு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தேன். இனி மூட்டை இல்லை.

விதி மூன்றுதான். கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்களைச் சுவர் உச்சியில் ஓடும் கான்கிரீட் பெல்ட்டோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஷீட்டுக்கு ஜே போல்ட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓட்டையை அடைக்கும் தார் வாசர். வாசலில் முன்சாய்ப்பு போட்டிருந்தால் அது தாய்க்கூரையோடு ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும். போனால் அது மட்டும் போகட்டும் என்று. மூன்றும் சரியென்றால் வாசலில் பச்சைப் பலகை அடிப்போம். பலகை வீட்டுக்கு மூன்று வருடம் பாதி வரிதான். பட்டையும் போல்ட்டும் ஒரு சாக்கில் போட்டு இலவசமாகவே தருகிறார்கள். புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இது இல்லாமல் ஊராட்சியில் வரைபடமே பாஸ் ஆகாதாம்.

இவ்வளவு நல்ல காரியம் என் கைக்கு வந்ததே என்று பஸ்ஸில் வரும்போது கண் கலங்கிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

ஆறு வீடு. ஆறிலும் ஏணி போட்டு ஏறினேன். நாற்பத்தாறு வயதில் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் நிற்கிறாளே என்று ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டு மேகலா பட்டை, போல்ட் எல்லாம் மாட்டி முடித்திருந்தாள். புருஷன் சிங்கப்பூரில், கைப்பிள்ளைக்கு ஏழு மாதம். விடியற்காலை முல்லைப்பூ பறிக்கப் போகிறவள் இதையும் ஒண்டியாக நின்று பார்த்திருக்கிறாள். ஃபிட்டர் தங்கையன்தான் வேலை. எல்லாம் சரி, ஆனால் மேலண்டை ஓரத்தில் மூன்று போல்ட்டுக்கு வாசர் இல்லை.

"மூணே மூணு வாசருக்காக்கா பலகை இல்லேங்கிறீங்க?"

"காத்துக்கு மூணு ஓட்டை போதும்டி. விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

முகம் சுருங்கிப் போனாள். கிளம்பும்போது அவள் வாசற்படியில் கிடந்த ஆம்பிளைச் செருப்பைப் பார்த்து, "சிங்கப்பூர்க்காரன் செருப்பு மட்டும் ஊருல காவலுக்கு நிக்குதா?" என்றேன். சிரித்துவிட்டாள். நீல ரப்பர் செருப்பு. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும் என்று போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இலக்கியாவுக்கு அந்தத் திருத்துறைப்பூண்டி இடம் முடிந்துவிட்டது. பையன் மின்வாரியத்தில். வருகிற 26ஆம் தேதி நம் வீட்டிலேயே நிச்சயம். சம்பந்தியம்மாள் போனில், "முன்னாடி எத்தனை பேர் ஒக்காரலாங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் என்னவோபோல ஆகிவிட்டது. வாசலில் இருப்பது இரண்டு நாற்காலி போடுகிற இடம்.

இவர் வாடகைப் பந்தல் போடலாம் என்றார். ஐப்பசி மழையில் துணிப் பந்தலா? வருகிறவர்கள் தலையில் தண்ணீர் சொட்டினால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஷீட்டிலேயே ஒரு முன்சாய்ப்பு இறக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

முன்சாய்ப்பு போட்டாயிற்று. பன்னிரண்டடி. நாற்பது நாற்காலி தாராளமாகப் போடலாம்.

தனியாக நிறுத்த நாலு தூணும் குழியும் வேண்டும், அதற்கு நாள் இல்லை. அதனால் இப்போதைக்குத் தாய்க்கூரைக் குழாயிலேயே சேர்த்து மாட்டினோம். கட்டுவதற்குப் பட்டை பற்றவில்லை. என் வீட்டுக்கு வந்த சாக்கு மூலையில் இருந்தது, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்.

தங்கையன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "யக்கா, நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க, முன்சாய்ப்ப தாய்க்கூரையோட சேக்கக் கூடாதுன்னு?"

"நிச்சயம் முடியட்டும், மறுநாளே பிரிச்சு மாத்திடலாம். நீ மாட்டு."

"நான் மாட்டுறேன். எனக்கென்ன." நன்றாகத்தான் மாட்டினான். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

உள்ளே பிவிசி சீலிங் அடித்தோம். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நீலக்கோடு. குழாய், ஷீட், ஒட்டடை எதுவும் தெரியவில்லை. இலக்கியா, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா" என்றாள். அவளுக்கு எதையும் பாராட்டத் தெரியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. அதிரசம் விரிந்துபோனது.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றைக்குப் பலகை வந்தது. ராகவேல் சார் ஜீப்பில் கொண்டுவந்தார். கூட உள்ளூர் கேபிள்காரர் கேமராவோடு. முதல் பலகையைக் கூரைத் தோழி வீட்டிலேயே அடித்துப் படம் எடுத்தால் மற்றவர்களுக்கு ஒரு உற்சாகம் வரும் என்றார்.

நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள எல்லாம் பட்டை போட்டாச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்தார். "ஒங்க வீட்டையே நான் ஏறிப் பாக்கணுமாக்கா? அது மரியாதையா இருக்காது."

காபியைக் கொடுத்தேன்.

வெளியே முன்சாய்ப்பைப் பார்த்து, "இது தனியாத்தானே நிக்குது?" என்றார். அதற்குள் கேமராக்காரர் என்னைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

பொறியாளர் நாட்குறிப்பில் எழுதியது: வீட்டு எண் 14, சுகுணவதி பக்கிரிசாமி, அனைத்தும் பொருத்தப்பட்டன. பேனா மக்கர் பண்ணியது. முதன்முறையாக ஒரு அடித்தல்.

அக்டோபர் 26, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மழை கொட்டியும் ஒருத்தர் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. சம்பந்தி பச்சைப் பலகையை விரலால் சுண்டிப் பார்த்து, "கவர்மெண்டே சர்டிபிகேட் குடுத்த வீடு. நம்பி வரலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேகலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நாள் முழுக்கக் காபி கொடுத்தாள். போகும்போது, "அக்கா, வாசர் வந்துச்சா?" என்று கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

அக்டோபர் 29, புதன்

முன்சாய்ப்பைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். "தையில கல்யாணம். அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றார் இவர். அதுவும் சரிதான்.

நவம்பர் 5, புதன்

மகளிர் குழுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். இருபத்தொன்பது வீடு முடித்த ஒரே கூரைத் தோழி நான்தானாம். பேசச் சொன்னார்கள். அந்தக் காகிதத்தை ஊதிக் காட்டினேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தங்கையன் நின்றிருந்தான். அவன் கைதட்டினானா என்று நான் பார்க்கவில்லை.

பார்த்தேன். தட்டவில்லை.

பொன்னாடையை பீரோவில் அடியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மேகலா வந்தாள். வாசருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, ரப்பரை வட்டமாக வெட்டி, நடுவில் கம்பியைச் சுட்டு ஓட்டை போட்டு, தானே ஏணி வைத்து ஏறி மாட்டிவிட்டாளாம். மீந்த ஒன்றைக் காட்டினாள். நீல ரப்பர், தடிமனாக, சுத்தமாக வெட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். கடைவாசரைவிடக் கெட்டி.

"ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா. ஒரு சொட்டு ஒழுவலை."

அதை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் என்னவோ வேறு பேசியது. "தார் வாசர்னுதான் விதியில இருக்கு. ரப்பர்னு இல்ல. இதுக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. அந்தக் கூரைய நம்பி ஆவாது மேகலா."

அந்த வட்டத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த ஒரு வீட்டிலாவது விதியை இம்மி பிசகாமல் பார்த்தால் என் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேனா? நான் நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்ள அந்தப் பெண்ணா கிடைத்தாள்? ச்சே.

நவம்பர் 24, திங்கள்

காற்றழுத்தம் புயலாகிவிட்டது. ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் நம் பக்கம்தான் கரை ஏறும் என்கிறார்கள்.

தங்கையன் தானாகவே வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "யக்கா, நாளைக்கிக் காலைல வந்துடுறேன். முன்சாய்ப்பப் பிரிச்சு, பட்டையெல்லாம் உள்ள மாட்டிடலாம். ரெண்டு ஆளு, ஒரு பகல் வேலை."

இதை எழுதிவிட வேண்டும். சாக்கிலிருந்து கொஞ்சம் எடுத்தோம் என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் இல்லை. இருபத்து நாலு பட்டையும் முன்சாய்ப்பில்தான் இருக்கிறது. வீட்டுக்கூரையில் ஒன்றுகூட இல்லை. பழைய குழாய்கள் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அது தெரியாமல் இருக்கத்தான் சீலிங்.

அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டப்பகலில் பச்சைப் பலகை வீட்டைப் பிரித்துப் போட்டால் தெருவே கூடி நின்று பார்க்கும். என்னவென்று சொல்வது? "புயல் போனப்புறம் பாத்துக்கலாம், தங்கையா" என்றேன்.

"புயலுக்கு அப்பறமா?" என்றான். சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

இவரிடம் சொன்னேன். "போன புயல் மாதிரி இருக்காதுங்கறாங்க" என்றார் இவர். இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டோம்.

நவம்பர் 26, புதன்

ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். பச்சைப் பலகை இல்லாத ஷீட் வீட்டுக்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பலகை உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், தேவைப்பட்டால் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 27, வியாழன், காலை

வந்துவிட்டார்கள். மேகலாவும் பிள்ளையும். இன்னும் பலகை வாங்காத கோடி வீட்டு ராமையா, பெண்டாட்டி, பிள்ளைகள், ஆறு பேர். பள்ளிக்கூடம் இரண்டு மைல், அங்கே இருப்பது ஒரே கழிவறை, மேகலா பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. "ஒங்க வீடு இருக்கும்போது எங்களுக்கு என்னக்கா பயம்?" என்று மேகலா பாயை விரிக்கிறாள்.

ரவை கிண்ட வேண்டும். பதினொரு பேருக்கு.

நவம்பர் 28, வெள்ளி

ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் வைத்திருந்த பையோடு இந்த நாட்குறிப்பும் தப்பிவிட்டது. உட்கார்ந்து எழுத இடம் கிடைத்தது இப்போதுதான். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன்.

நேற்று பத்தரை மணி இருக்கும். காற்று கூட ஆரம்பித்து முன்சாய்ப்பு முனகிக்கொண்டிருந்தது. ராமையா, "கெட்டியா மாட்டிருக்கான் தங்கையன்" என்று மெச்சினார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. இன்னும் அரைமணியில் சொல்லிவிடலாம், உப்புமா இறக்கிவிட்டுச் சொல்லலாம், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன்.

பிள்ளை காய்ச்சலில் சிணுங்கியது. மேகலா ஒரு பழைய புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, தூளி கட்டணும். இந்த சீலிங்ல ஒரு பட்டிய நகத்துனா மேல கொழாய் இருக்கும்ல? அதுல கட்டிக்கிறேன். எங்க வீட்டுக் கொழாயவிட ஒங்க கொழாய்தான் கெட்டி."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இவர் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு பட்டியை நகர்த்தினார். மேகலா புடவையை மேலே வீசிக் குழாயில் போட்டு, முடிச்சைப் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் போட்டாள். ஒரு ஆட்டு ஆட்டினாள். அப்போதே ஒரு காற்று அடித்தது. சுவர்முனையில் குழாய் நறநறவென்றது. பூச்சு உதிர்ந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. மேகலா முந்தானையால் துடைத்துவிட்டு, "மண்ணுடா தங்கம்" என்று மறுபடி ஆட்டக் கையை வைத்தாள்.

"மேகலா, புள்ளையத் தூக்கு."

"ஏங்க்கா?"

"தூக்குடி! அந்தக் கொழாய் கட்டல. ஒரு பட்டகூட இல்ல. எல்லாத்தையும் முன்சாய்ப்புல மாட்டிட்டேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. ராமையாதான் கேட்டார். "பலகை இருக்கேம்மா?"

"அது பாக்காம அடிச்சது."

"யாரு பாக்காம?"

"அவரு பாக்கல. நான் சொல்லல."

நம்பாமல் விழித்தார்கள். நான் ஸ்டூலில் ஏறி, சுவரோரத்துச் சீலிங்கை இரண்டு கையாலும் பிய்த்து இழுத்தேன். நாலு பட்டி கையோடு வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே வானம் தெரிந்தது. காற்று வரும்போது அந்த வெளிச்சம் அகலமாகி, மறுபடி குறுகியது. இலக்கியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

மேகலா பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. பின்னால் ஒரு அடி நகர்ந்துகொண்டாள், அவ்வளவுதான். அந்த ஓரடியைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடப் பாதையில் மரம் சாய ஆரம்பித்துவிட்டது. போக முடியாது. "ஒன் வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"எங்க வீடு ஆவாதுன்னீங்களே?"

"ஆவும். அன்னைக்கே ஆவும். சும்மா சொன்னேன்."

பதினொரு பேரும் கைகோத்துக்கொண்டு, இருபதடி தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமானதென்று தெரியவில்லை. அவள் வீட்டில் ஒரே அறை. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்றரை மணிக்கு மேல் அவள் கூரை விடாமல் அதிர்ந்தது, பேச்சே கேட்கவில்லை. ஆனால் ஒரு ஷீட் எழும்பவில்லை. நான் மேலண்டை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆவாது என்ற அந்த மூன்று இடத்தை. சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஜன்னல் இடுக்கில் என் வீடு தெரிந்தது. முதலில் முன்சாய்ப்பின் முன்பக்கம் எழும்பியது. தனியாக நின்றிருந்தால் அது மட்டும் பிய்ந்து போயிருக்கும். பிய்யவில்லை. இருபத்து நாலு பட்டை, ஒன்றுகூட விடவில்லை. அது எழும்ப எழும்பத் தாய்க்கூரையும் கூடவே எழும்பியது. குழாய், சீலிங், தூளி கட்டின புடவை எல்லாம் ஒன்றாகவே போயின. தென்னந்தோப்பில் இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. "அய்யோ" என்றார் இவர். மேகலாவின் பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

இன்று காலை போய்ப் பார்த்தோம். நாலு சுவர் நிற்கிறது. வாசலில் பச்சைப் பலகை ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது.

நவம்பர் 29, சனி

ராகவேல் சார் வந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார். தோப்பில் போய்ப் பட்டைகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "அக்கா, காத்து வேகம் அளவுக்கு மேல போயிருச்சுன்னு எழுதிடலாம். ஒங்க பேரும் கெடாது. நானும் பாக்காமதானே அடிச்சேன்."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் டீக்கடையில் இன்று பேச்சு என்னவென்று தங்கையன் வந்து சொல்லியிருந்தான். பச்சைப் பலகை வீடே பறந்துபோச்சு, பட்டையாவது போல்ட்டாவது, எல்லாம் ஏமாத்து என்கிறார்களாம். தெற்குச்சேத்தியில் இரண்டு வீட்டில் வேலையை நிறுத்திவிட்டார்களாம். எங்கள் தெருவில் மற்ற முப்பது வீட்டுக்கூரையும் அப்படியே நிற்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை. பறந்தது ஒன்றுதான், அது என்னுடையது. நான் வாயை மூடிக்கொண்டால் அடுத்த புயலில் எவனெவன் வீட்டில் எந்தப் பிள்ளை தூங்குமோ.

"வேண்டாம் சார். நான் சொல்லிடுறேன்" என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

குழுக் கூட்டம். அன்றைக்குப் பொன்னாடை போட்டார்களே, அதே கூடம். நின்று சொன்னேன். காகிதம் ஊதிக் காட்டவில்லை. ஒரு பட்டையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, இது எங்கே இருக்க வேண்டியது, எங்கே இருந்தது, ஏன் இருந்தது என்று சொன்னேன். நிச்சயத்துக்காக என்றேன். தங்கையன் எச்சரித்ததையும் சொன்னேன். முப்பது வீட்டில் ஏறிப் பார்த்தேன், ஒரு வீட்டில்தான் பார்க்கவில்லை, அது என் வீடு என்றேன். ஒருத்தி, "எங்கள மட்டும் அந்தத் திட்டு திட்டுனியே" என்றாள். திட்டினேன்தான். உட்கார்ந்துவிட்டேன்.

அரிசி உளுந்து வாங்கக் கடைக்குப் போகக் கூசுகிறது. இவர்தான் போகிறார்.

சாயங்காலம் சம்பந்தி போன் பண்ணினார். "பலகை வச்ச வீடாச்சேங்க, எப்புடி?" எல்லாவற்றையும் சொன்னேன். "சரிங்க, தையில பாப்போம்" என்று வைத்துவிட்டார். கல்யாணத்தைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா தெரியவில்லை.

இலக்கியாவிடம், "ஒனக்காகத்தானேடி செஞ்சேன்" என்று அழுதேன்.

"எனக்காகன்னு சொல்லாதம்மா" என்றாள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன்." பிறகு என் தலையைத் துவட்டிவிட்டாள். கூரைக்குப் பதில் கட்டியிருக்கும் தார்ப்பாயில் நன்றாக ஒழுகுகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் பலகையைக் கழற்றினேன். நாலு ஆணி. பொறியாளர் நாட்குறிப்பில் வீட்டு எண் 14க்கு எதிரே எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்து, பொருத்தப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராகவேல் சாருக்கும் போன் பண்ணிவிட்டேன். கூரைத் தோழி வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். ரப்பரானாலும் இறுக்கமாக இருந்தால் செல்லும், முன்னாடியே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றும் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

பலகையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு மேகலா வீட்டுக்குப் போனேன். அவள் தொடுத்த பூவை வாழைநாரில் சுற்றிக்கொண்டிருந்தாள். பலகையை நீட்டினேன். வாங்கவில்லை.

"மொதல்ல ஏறிப் பாருங்கக்கா. பாக்காம அடிக்காதீங்க."

ஏணி போட்டு ஏறினேன். ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டு எண்ணினேன். மேலண்டை ஓரத்துக்கு வந்தேன். மூன்று நீல வட்டம், கொஞ்சமும் நகராமல் ஷீட்டைக் கவ்விக்கொண்டிருந்தன. ஒன்றில் குதிகால் பட்டுத் தேய்ந்த தடம் இருந்தது. அப்போதுதான் குனிந்து வாசற்படியைப் பார்த்தேன். அவள் புருஷனின் அந்த நீலச் செருப்பு அங்கே இல்லை.

இறங்கி வந்தேன். "அவன் செருப்பையா வெட்டினே? அது காவலுக்குன்னு வெச்சிருந்தியே?"

மேகலா நாரை முடிந்துகொண்டே சொன்னாள்: "காவலுக்கு என்னக்கா, பக்கத்துலதான் நீங்க இருக்கீங்களேன்னு வெட்டிட்டேன்."

சுத்தியலை எடுத்தேன். ஆணி அடிக்க எனக்குக் கை வரவில்லை. பலகையை நான் பிடித்துக்கொண்டேன், அவளே அடித்துக்கொண்டாள்.